தோல்கூடக் கிழியல

"ஓட்டை இல்ல மேடம்! சத்தியமா இந்தத் தடவ ஓட்டை இல்ல!"

இரும்புத் தொட்டியின் கதவு முழுசாகத் திறப்பதற்குள் பீரங்கிக்காரர் தலையை உள்ளே விட்டுக்கொண்டு கத்தினார். அந்த மனிதருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் ஆய்வுக்கூடத்தின் நீளக் குழாயில் குண்டு போட்டுச் சுடுகிற வேலையை இத்தனை வருஷமாகச் செய்ததில் அந்தப் பெயர் எங்கே போனதென்று அவருக்கே மறந்திருக்கும். ஓய்வு பெறப் போகிற வயசு. இன்னமும் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பரீட்சை முடிவு பார்க்க ஓடுகிற பிள்ளை மாதிரி ஓடுவார்.

குண்டு என்றால் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மிளகு அளவுக்கு ஓர் அலுமினிய உருண்டை, அவ்வளவுதான். ஆனால் அது போகிற வேகம் இருக்கிறதே, துப்பாக்கித் தோட்டாவெல்லாம் அதற்கு முன்னால் மாட்டுவண்டி. வானத்தில் செத்துப்போன செயற்கைக்கோள்களும் பழைய ராக்கெட்டுகளும் உடைந்து சிதறிய துண்டுகள் அந்த மாதிரி வேகத்தில்தான் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆட்கள் உட்கார்ந்திருக்கிற விண்கலத்தின் மேல் அதில் ஒன்று வந்து மோதினால் சுவர் தாங்குமா, தாங்காதா? அதைத் தரையிலேயே சுட்டுப் பார்த்துச் சொல்வதுதான் இந்த இடத்தின் வேலை. கடைசி வார்த்தை சொல்கிற பொறுப்பு, அவர் மேடம் என்று கூப்பிடுகிற அவளுடையது.

அவள் குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள். முன்னால் இருந்த மெல்லிய தகடு வழக்கம்போல ஓட்டையாகியிருந்தது. அது ஓட்டையாவதற்கென்றே வைத்த தகடு. வந்து மோதுகிற உருண்டையைத் தூளாக்குவதோடு அதன் கடமை முடிந்தது. அதற்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில் தூள் விரிந்து பரவி, கடைசியில் நிற்கிற சுவரை ஒரே இடத்தில் குத்தாமல் அகலமாக அறையும். சுவரில் அம்மைத் தழும்பு மாதிரிச் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரிந்தன. பீரங்கிக்காரர் சொன்னது சரிதான், ஓட்டை இல்லை.

"திருப்புங்க," என்றாள்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அதானே பாத்தேன். மனுஷன ஒரு நிமிஷம் சந்தோஷப்பட விடுறீங்களா?" என்று முனகிக்கொண்டே திருகாணிகளைக் கழற்றினார். இரண்டு பேருமாகச் சுவர்த் தகட்டைத் தூக்கி மேஜையில் கவிழ்த்துப் போட்டார்கள்.

பின்பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து போயிருந்தது.

"முன்பக்கம் என்னமா இருக்கு பாருங்க மேடம்!" அவர் தகட்டுக்கு வக்காலத்து வாங்கினார்.

"முன்பக்கத்த யாரு கேட்டா?" என்று சிரித்தாள்.

இந்த ஆய்வுக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்கிற எல்லோருக்கும் முதல் நாளே அவள் சொல்கிற பாடம் இதுதான். வெளியிலிருந்து எதுவும் உள்ளே நுழைந்திருக்காது. முன்பக்கம் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் அடியின் அதிர்ச்சி சுவருக்குள்ளேயே ஓடி, மறுபக்கத்தில் போய் முட்டி, அந்தப் பக்கத்துத் தோலைப் பிய்த்து உள்ளே எறிந்துவிடும். உள்ளே இருக்கிற ஆளைக் கொல்வது வானத்திலிருந்து வந்த துண்டு இல்லை, அவனுடைய சொந்தச் சுவர். அதனால் எதைச் சுட்டாலும் முதலில் திருப்பிப் பார். அவளைக் கேலி செய்ய வேண்டுமென்றால் கேன்டீனில் தோசைக்கரண்டி பிடிக்கிறவர்கூட "மேடம், திருப்பவா?" என்றுதான் கேட்பார்.

அப்போதுதான் அண்ணியின் அழைப்பு வந்தது.

"நீ கொஞ்சம் வர்றியா?" அண்ணியின் குரல் தணிந்திருந்தது. பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்பது மாதிரிப் பேசினாள். "உங்க அண்ணன் எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு."

"எழுந்திரிக்கலன்னா? என்ன அண்ணி?"

"கடைய தொறக்கணும்னு எழுந்து உட்காந்தாரு. தல கனமா இருக்குன்னாரு. அப்படியே சாஞ்சுட்டாரு. குறட்டை விடுறாரு, ஆனா எவ்வளவு உலுக்கினாலும் கண்ணு தொறக்கல."

அவள் கை மேஜையின் மேல் கவிழ்ந்து கிடந்த தகட்டில் ஊன்றியிருந்தது. அந்தப் பெயர்ந்த குழிக்குப் பக்கத்திலேயே அவள் விரல் இருந்தது. அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டுக் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினாள்.

*

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது போகாவிட்டால் அண்ணன் விடமாட்டான், "ராக்கெட்டுக்காரங்களுக்கு எங்க வீட்டுச் சோறு எறங்காதோ?" என்று ஆரம்பித்துவிடுவான்.

அண்ணன் வண்டிகளுக்குக் கண்ணாடி மாட்டுகிற கடை வைத்திருந்தான். லாரி, பேருந்து, கார், எது வந்தாலும் முன்கண்ணாடி மாற்றித் தருவான். சாலையில் தெறித்த கல் பட்டு உடைந்த கண்ணாடிகள்தான் அவனுக்குச் சோறு போட்டன. "நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்தான். எனக்குக் கல்லு ரோட்டுல கெடக்கு, உனக்கு வானத்துல கெடக்கு" என்பான். வீட்டுக்கு யார் வந்தாலும் தங்கையை 'எங்க குண்டுக்காரி' என்றுதான் அறிமுகப்படுத்துவான். அவள் முதன்முதலில் குறி பார்த்து எறிந்தது தன் தலையில்தான் என்பதையும் சொல்லாமல் விடமாட்டான். சின்ன வயதில் மதில் மேல் வைத்த பாட்டிலைக் குறி வைத்து அவள் கல்லெறிய, குறுக்கே வந்த அண்ணனின் நெற்றிக்கு மேலே பிளந்துகொண்டது. சட்டையெல்லாம் ரத்தம். அப்பா பெல்ட்டை உருவிக்கொண்டு வந்தபோது, "நானே விழுந்துட்டேன்" என்று சாதித்தவன், ஓடி விளையாடியதற்கென்று இரண்டு அடியையும் சேர்த்து வாங்கிக்கொண்டான்.

விண்கலத்தின் முன்தகட்டைப் பற்றி அவள் ஒருமுறை விளக்கிச் சொன்னபோது, "அப்ப அது மூத்த பிள்ளைன்னு சொல்லு" என்றானே பார்க்கலாம். அப்பா, என்ன வாய் அந்த மனுஷனுக்கு!

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

"நீயாவது சொல்லு. நேத்து கடையில வேனோட பின்கதவு தலையில எறங்கியிருக்கு. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வந்துரலாம்னா, கேக்கவே மாட்டேங்கிறாரு."

"கதவத் தூக்கிப் பிடிக்கிற கம்பி செத்துப்போச்சு. குனிஞ்சு எழுந்தேன், டொம்முனு எறங்குச்சு. அதுக்குப் போய் ஸ்கேனாம்," என்றான் அண்ணன். "சரி, வீட்டுலயே நிபுணர் இருக்கும்போது எதுக்கு ஆஸ்பத்திரி? குண்டுக்காரி பாத்துச் சொல்லட்டும். அவ போகணும்னா போறேன்."

சொல்லிவிட்டுத் தங்கை முன்னால் தலையைக் குனிந்து காட்டினான். நரை ஓடின அடர்த்தியான முடி. அண்ணி சொந்தமாக முடிதிருத்தகம் வைத்திருக்கிறவள். அவன் தலையை வேறு யாரும் தொட்டதே கிடையாது. தங்கை விரல்களால் முடியை விலக்கிப் பார்த்தாள். வலது பக்கம், முன்னால். அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"நீ எறிஞ்ச கல்ல விட வலிக்கல."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவளுக்குப் பசி வேறு.

"தோல்கூடக் கிழியல அண்ணி. இதுக்குப் போய் ஏன் பயப்படுறீங்க?" என்றாள்.

அவ்வளவுதான். அண்ணி உள்ளே போனாள், தட்டு வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் வழக்கத்துக்கு மாறாக நாற்காலியிலேயே தூங்கிப்போனான். வயசாகிறது என்று அதையும் கேலி செய்துவிட்டுத்தான் அவள் கிளம்பி வந்தாள்.

*

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். தலைக்குள்ளிருக்கிற படம், கறுப்பும் வெள்ளையுமாக.

"அடிபட்டது இங்க, வலது பக்கம் முன்னால. மண்டை ஓட்டுல ஒரு கீறல்கூட இல்ல. ஆனா ரத்தம் கட்டியிருக்கறது இதோ, இடது பக்கம் பின்னால. அடி விழுந்த வேகத்துல மூளை உள்ளுக்குள்ள ஆடி, அந்தப் பக்கம் போய்..."

"தெரியும்," என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் டாக்டரா?"

"இல்ல. நான்... தகடு."

என்ன உளறுகிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. டாக்டரம்மா அதற்குமேல் கேட்கவில்லை. தினமும் எத்தனை பேர் உளறலைக் கேட்கிறவள். ரத்தம் உறையாமல் இருக்க அண்ணன் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறானா என்று விசாரித்தாள். நெஞ்சு வலி வந்ததிலிருந்து சாப்பிடுகிறான் என்று அண்ணி சொன்னாள். அந்த மாத்திரையை மாதாமாதம் வாங்கி வந்து கொடுப்பதே தங்கைதான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அதுவும் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வராமல் போனதா, வரவேண்டும் என்றே தோன்றவில்லையா என்று இப்போது யாரைக் கேட்பது?

"சரி, மண்டையத் தொறந்து ரத்தத்த எடுக்கறோம். ஒண்ணு கேக்கணும். அடிபட்ட அன்னைக்கே ஏன் கூட்டிட்டு வரல?"

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி டாக்டரம்மாவின் மேஜையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெருசா ஒண்ணும் தெரியல டாக்டர். நான்தான் அசால்ட்டா விட்டுட்டேன்," என்றாள் அண்ணி.

"இல்ல டாக்டர்..." என்று அவள் வாயெடுத்தாள்.

"நேரமாகுது டாக்டர், நீங்க பாருங்க," என்று அண்ணி எழுந்துவிட்டாள்.

*

அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோரமாக வரிசையாகப் போட்டிருந்தன. எதிரே ஒரு தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடியது. யாரோ யாருக்கோ சமையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி தன் முடிதிருத்தகத்துக்குக் கிளம்பின கோலத்திலேயே வந்திருந்தாள். கத்தரி, சீப்பு, முடி வழிக்கிற மெஷின் எல்லாம் இருக்கிற தொழில் பை மடியில் கிடந்தது. அதன் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

தங்கைக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. எழுந்தாள், நடந்தாள், தண்ணீர் வாங்கி வந்தாள். அண்ணி குடிக்கவில்லை. வேறு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று தெரிந்த ஒருவரிடம் கேட்டாள்; இந்த நிலைமையில் அசைக்கவே கூடாது என்றார். ரத்தம் தேவைப்படுமா என்று செவிலியரிடம் கேட்டாள். வேண்டுமென்றால் சொல்கிறோம், உட்காருங்கள் என்றார். மறுபடி உட்கார்ந்தாள். ஒரு மனிதனைக் காப்பாற்ற எத்தனை தகடு, எத்தனை அடுக்குக் கவசத் துணி, எவ்வளவு இடைவெளி என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, அந்த மூடின கதவுக்கு இந்தப் பக்கம் செய்வதற்கு ஒரு துரும்பு வேலைகூட இல்லை. இப்படிக் கையாலாகாமல் அவள் வாழ்க்கையில் உட்கார்ந்ததில்லை.

அதைவிடக் கொடுமை, அண்ணி ஒன்றும் சொல்லாமல் இருந்தது. நீதானே வேண்டாம் என்றாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை. காலில் விழுந்து அழுதுவிடலாம். அண்ணி கேட்டது வேறு.

"பாப்பாகிட்ட சொல்லிட்டேன். ட்ரெயின் ஏறிட்டாளாம். சாயங்காலம் வந்துருவா. என்ன ஆச்சுன்னு கேட்டா. அப்பாவுக்கு மயக்கம்னு மட்டும் சொன்னேன்."

பாப்பா என்றால் அண்ணன் மகள். வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். பெரியவளாகியும் வீட்டில் பாப்பாதான்.

"சரி அண்ணி."

"சாப்டியா நீ?"

"பசிக்கல அண்ணி."

அவள் கைபேசி அதிர்ந்தது. பீரங்கிக்காரர். எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

"மேடம், அண்ணன் எப்படி இருக்காரு?"

"ஆபரேஷன் நடக்குது."

"நல்லபடியா ஆயிடும் மேடம். இந்த நேரத்துல கேக்கக் கூடாது, ஆனா மேலேருந்து உயிர எடுக்கறாங்க. முன்பக்கம் ஓட்டை விழலல்ல, இந்தச் சுவர் தாங்கிருச்சுன்னு எழுதிரலாமான்னு கேக்கறாங்க."

ஜன்னலுக்குக் கீழே ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பின்கதவைத் தூக்கினார். அது மேலே போய் நின்றது. அவர் குனிந்து எதையோ எடுத்தார், நிமிர்ந்தார், கதவு அப்படியே நின்றது. எத்தனை ஆயிரம் கதவுகள் இப்படி ஒழுங்காக நிற்கின்றன!

"மேடம்?"

"தாங்கலன்னு எழுதுங்க," என்றாள். "திருப்பிப் பாத்தோமில்ல? தாங்கல."

"சரி மேடம். இன்னொரு தகடு மாட்டி வைக்கிறேன். நீங்க வந்து பாத்துக்கலாம், ஒண்ணும் அவசரமில்ல."

இன்னொரு தகடு. அங்கே எப்போதும் இன்னொன்று இருக்கும்.

*

டாக்டரம்மா வெளியே வந்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததுமே அண்ணி எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தாள்.

"ரத்தத்த எடுத்துட்டோம். ஆனா ரொம்ப நேரம் அழுத்தம் இருந்திருக்கு. கண்ணுல வெளிச்சம் அடிச்சா அசைவில்ல. மூச்சு மெஷின்ல ஓடுது. உங்ககிட்ட பொய் சொல்ல விரும்பல."

"மறுபடி ஒரு தடவ தொறந்து பாத்தா?" என்று கேட்டாள் அவள்.

"இல்லம்மா. அதுல ஒண்ணும் ஆகாது."

"எவ்வளவு செலவானாலும்..."

"செலவு இல்லம்மா விஷயம்."

உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள். அண்ணனின் தலையில் இடது பக்கம் முழுக்க மழித்து, கட்டுப் போட்டிருந்தது. வலது பக்கம் நரை ஓடின முடி அப்படியே இருந்தது, வாராமல் கொள்ளாமல், ஞாயிற்றுக்கிழமை அவள் விரலால் விலக்கின அதே முடி. வாயில் குழாய். அந்த வாய் மூடியிருந்தோ பேசாமல் இருந்தோ அவள் பார்த்ததில்லை. இப்போது திறந்திருந்தும் பேசவில்லை.

அண்ணி கால்மாட்டில் நின்று அவன் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். தங்கை அவன் காதோரம் குனிந்தாள்.

"அண்ணா," என்றாள். "கடையில லாரி ஒண்ணு வந்து நிக்குதாம். முன்கண்ணாடி சுக்குநூறாம். டிரைவர் கத்திட்டிருக்கானாம். எழுந்திரிச்சு வா."

மெஷின் புஸ்புஸ்ஸென்று காற்றை அனுப்பியது. நெஞ்சு எழும்பியது, தணிந்தது. அதில் அண்ணனுக்கு ஒரு பங்கும் இல்லை.

"வேணும்னா திட்டு. நல்ல நிபுணர்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரி. பாப்பா வர்றா அண்ணா. கொஞ்சம் கண்ணத் தொற, அது போதும்."

கெஞ்சினாள். சின்ன வயதில் கல்லெறிந்துவிட்டு அப்பாவிடம் சொல்லாதே என்று கெஞ்சினதற்குப் பிறகு அவனிடம் அவள் எதற்கும் கெஞ்சியதே இல்லை. அப்போது உடனே சரி என்றான்.

வெயில் சாயத் தொடங்கின நேரத்தில் அவன் இதயமே நின்றுபோனது. கோடுகள் ஓடின திரையைச் செவிலியர் அணைத்தார். டாக்டரம்மா வந்து பார்த்து, நேரத்தைச் சொல்லி, அண்ணியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அண்ணி பாதங்களை விடவே இல்லை. "சூடா இருக்கு, இன்னும் சூடா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

*

அண்ணனைக் கீழே ஒரு சின்ன அறைக்குக் கொண்டுவந்து, குழாய்களை எடுத்துவிட்டு, வெள்ளைத் துணி போர்த்திவிட்டுப் போனார்கள். மற்ற வேலைகள் முடியும்வரை இங்கே இருக்கலாம் என்றார்கள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குழாய். வேறு எதுவும் இல்லை.

"அண்ணி," என்றாள் அவள். இதற்குமேல் தாங்காது என்று தோன்றியது. "ஞாயித்துக்கிழமை நான்..."

"வேணாம்."

"இல்ல அண்ணி, நீங்க ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டீங்க. நான் மட்டும் அன்னைக்கு..."

"வேணாம்னு சொல்றேன்ல?" அண்ணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் நேராகப் பார்க்கிறாள். கண் வறண்டிருந்தது. "அவருக்கு ஆஸ்பத்திரின்னாலே ஆகாது. உன்ன ஒரு சாக்கா வச்சுக்கிட்டாரு. எனக்குத் தெரியாதா அவர?"

அவள் விம்மினாள்.

"ஆனா ஒண்ணு சொல்லிர்றேன்," என்றாள் அண்ணி. "என்னைக்காவது ஒரு நாள் நான் உன்னத் திட்டுவேன். நல்லாத் திட்டுவேன். வாய்க்கு வந்ததெல்லாம் வரும். அன்னைக்கு நீ வாயத் தொறக்காம நின்னு வாங்கிக்கணும். அழுவக்கூட கூடாது. இன்னைக்கு எனக்குத் தெம்பில்ல."

"சரி அண்ணி."

"அதுக்கு அப்புறமும் நீ வீட்டுக்கு வரணும்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அண்ணி அண்ணனின் தலையைப் பார்த்தாள். பாதி மழித்து, பாதி முடியோடு, கட்டு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. யாரோ அவசரத்தில் விட்டுவிட்டுப் போன வேலை மாதிரி இருந்தது. அண்ணியின் முகத்தில் முதல்முறையாகக் கோபம் வந்தது.

"என்ன வழிச்சிருக்காங்க இது? சின்னப் பசங்களக்கூட நான் இப்படி அனுப்ப மாட்டேன். பாப்பா வந்து அப்பாவ இந்தக் கோலத்துல பாக்கவே கூடாது."

பையைத் திறந்தாள். மெஷினை எடுத்தாள், ஊதினாள், ஒரு துண்டை எடுத்து அண்ணனின் கழுத்தைச் சுற்றிச் செருகினாள். கடையில் வாடிக்கையாளருக்குச் செய்கிற அதே ஒழுங்கு. எட்டிப் பார்த்த செவிலியர் என்னவோ சொல்ல வந்து, சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"நீ தலையப் பிடிச்சுக்க," என்றாள் அண்ணி. "ஆடாமப் பிடி."

அவள் இரண்டு கையாலும் அண்ணனின் தலையை ஏந்திக்கொண்டாள். இவ்வளவு கனமா? பின்மண்டை அவள் உள்ளங்கையில் பதிந்திருந்தது. கட்டுக்கு அடியில் எங்கோ அந்த இடம் இருந்தது. மெஷின் இரைந்தது. நரை முடி கொத்துக்கொத்தாகத் துண்டில் விழுந்தது. அண்ணி காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் வழித்தாள், பிறகு மேலே ஏறினாள்.

வலது பக்கம் வெறுமையானது. வெயிலே படாத தோல், வெளுத்துப்போய் இருந்தது. அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், ஆனாலும் கண் அங்கேதான் போனது. கதவு இறங்கின இடம். வீக்கம் இல்லை. சிவப்புகூட இல்லை. விரல் வைத்து அழுத்தின அதே இடம்தான், சந்தேகமில்லை. தோல் வழுவழுவென்று முழுசாக இருந்தது.

அதற்குக் கொஞ்சம் தள்ளி, நெற்றிக்கு மேலே, பழைய வெட்டுத் தழும்பு ஒன்று தெரிந்தது. அரிசி நீளம் இருக்கும். இத்தனை வருஷமாக முடிக்குள் கிடந்தது.

மெஷின் நின்றது.

"இதுதானா அந்தக் கல்லு?" என்று அண்ணி கேட்டாள்.

"ம்."

"பெருசா இருக்கும்னுல்ல நெனச்சேன்? அவரு சொல்றதக் கேட்டா."

அண்ணி பையிலிருந்து மெல்லிய பிரஷை எடுத்து, தழும்பின் மேல் ஒட்டியிருந்த முடித்தூளை மெதுவாகத் துடைத்துவிட்டாள். குனிந்து ஒருமுறை ஊதினாள். பிறகு மறுபடி மெஷினை எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு," என்றாள். "இந்தப் பக்கமாத் திருப்பு."

அவள் அண்ணனின் தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.